வாக்கும் வாய்க்காலும்

சித்திரை வெய்யில் சற்றே தணிந்திருந்த ஒரு மாலைப்பொழுது. வாயிற் கதவின் இடுக்கிலே செருகப்பட்டிருந்த துண்டுப் பிரசுரங்களை எடுத்துவந்து, விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்கலானேன். 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்காக எங்கள் வட்டாரத்திற் போட்டியிட்டவர்கள் விட்டுச்சென்ற பிரசுரங்கள் அவை. மொத்தம் ஏழு. ஏழிலும் படங்கள் உண்டு. ஏழிலும் கைகூப்பு உண்டு. நான்கு பிரசுரங்கள் இனத்தின் உரிமையைப் பற்றிப் பேசின. ஒன்று ஊழலை வேரோடு பிடுங்குவதாகச் சூளுரைத்தது. ஒன்று, சென்ற சபையின் காலத்தில் யார் யார் கட்சி மாறினார்கள் என்பதைப் பெயர் விவரங்களோடு தெரிவித்தது. ஏழாவது, பாதித் தாளிலே கறுப்பு மையில் மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. அதிலே நான்கே வரிகள். அவற்றுள் இரண்டாவது வரி, எங்கள் ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலைப் பற்றியது.

அந்த வரியை வாசித்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை வாசகர்களுக்குப் பின்னர் சொல்வேன்.

பிரதேச சபை என்பது தெருவிளக்குக்கும் குப்பைக்கும் சந்தைக்கும் சுடலைக்கும் ஒழுங்கைக்கும் பொறுப்பான சபை. இனத்தின் உரிமையை அதனிடம் கேட்பது, சங்கக்கடையிலே போய்ச் சங்கீதம் கேட்பது போன்றதென்று எங்கள் தேநீர்க் கடையிலே ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனால், அது முழுவதும் நியாயமான சிரிப்பன்று. எங்கள் பகுதியிலே உள்ளூர்த் தேர்தல் என்பது ஒருகாலத்திலும் உள்ளூரோடு நின்றதில்லை. 1931ஆம் ஆண்டிலே டொனமூர்த் திட்டத்தின் கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே வாக்குரிமை வந்தபோது, அந்த முதற் தேர்தலையே யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியம் வேண்டுமென்று வாலிபர் காங்கிரசார் கேட்டனர். இப்படிப்பட்ட ஊரிலே, மதகு கட்டுவதைப் பற்றி மாத்திரம் பேசுங்கள் என்று வேட்பாளரை நாம் கட்டாயப்படுத்த முடியுமா?

நான் முதன்முதலாகக் கண்ட தேர்தல் கிராமச் சங்கத் தேர்தல். அப்பொழுது நான் ஆறாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்தேன். என் பெரியப்பாவின் சினேகிதர் ஒருவர் எங்கள் வட்டாரத்திலே போட்டியிட்டார். பெரியப்பா வெள்ளைச் சால்வையைத் தோளிலே போட்டுக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். நான் வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலே போவேன். எங்கள் ஒழுங்கையின் வடகரையிலுள்ள வீடுகளிலே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். ஒழுங்கை தெற்கே இறங்கி, பனங்கூடலைத் தாண்டி, தாழ்ந்த நிலத்துக் குடிசைகளை அடைந்ததும் பெரியப்பா முற்றத்திலேயே நின்றுவிடுவார். அங்கே யாரும் உட்காரச் சொல்லவுமில்லை, இவர் உட்காரவுமில்லை. 'எங்கட ஆளுக்குப் போடுங்கோ' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருமுறை எதிர்த்தரப்பு வேட்பாளர் அங்கே ஒரு வீட்டிலே செம்பு வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டார். அச்செய்தி இரண்டு நாட்களாக ஊரெங்கும் அடிபட்டது. அவர் வென்றார். வென்ற பின்னர் மூன்று ஆண்டுகளாக அந்தப் பக்கத்திலே அவருக்குத் தாகம் எடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது கிராமச் சங்கத்தின் நன்மைகளையும் சொல்லவேண்டும். சந்திக்குச் சந்தி மரக்கம்பத்திலே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. அதனை மாலையிலே ஏற்றுவதற்கு ஏணியோடு ஒருவர் வருவார். துவிச்சக்கர வண்டிக்கு வருடந்தோறும் வரி கட்டி வில்லை வாங்கவேண்டும். வீட்டுக்குச் சோலைவரி. இவ்வளவு சில்லறைப் பணத்திலே அந்தச் சங்கம் ஒரு காரியத்தைத் தவறாமற் செய்தது. புரட்டாதி பிறந்ததும் மேற்பார்வையாளர் ஒருவர் நான்கு ஆட்களுடன் மண்வெட்டி சகிதம் வந்து, வெள்ளவாய்க்காலை மேலிருந்து கீழ்வரை துப்புரவு செய்து, குளத்து வாயிலையும் வெட்டிவிட்டுச் செல்வார். வாய்க்காலுக்குள் யாராவது குப்பை கொட்டியிருந்தால் வேலிக்கு மேலாகப் பெயர் சொல்லி ஏசுவார். என் தகப்பனாரையும் ஏசியிருக்கிறார்.

வெள்ளவாய்க்காலின் பெருமை வெளியூராருக்கு விளங்காது. எங்கள் குடாநாட்டிலே ஆறில்லை. வழுக்கையாறு என்று ஒன்றுண்டு. அதுவும் மாரியிலேதான் ஓடும். நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல். ஐப்பசி தொடங்கி மார்கழி முடியப் பெய்கின்ற மழை, வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போய், குளத்திலே தங்கி, கல்லின் பொந்துகளுக்குள்ளே இறங்கி, மறுபடியும் எங்கள் கிணறுகளிலே ஊறுகிறது. சித்திரையிலே நாம் அள்ளிக் குடிப்பது கார்த்திகையிலே நாம் வழிவிட்ட தண்ணீரைத்தான். வழிவிடாத தண்ணீர் இரண்டு வேலை செய்யும். தாழ்ந்த நிலத்திலுள்ளவன் வீட்டுக்குள்ளே புகும். எஞ்சியது வீதியோடு ஓடிக் கடலிலே சேரும். கிணற்றிலே நன்னீர் குறைய, உவர் மேலே ஏறும்.

அந்தக் கிராமச் சங்கங்கள் பின்னர் கிராம சபைகளாயின. 1981ஆம் ஆண்டிலே மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்ததோடு கிராம சபைகளும் பட்டின சபைகளும் இல்லாதொழிந்தன. அந்தச் சபைகளுக்கான தேர்தல் ஜூன் 4ஆந் திகதி நடந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், மே 31ஆந் திகதி, யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியிலே நடந்த தேர்தற் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மூண்ட வன்செயலிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. நான் அந்த நூலகத்தின் அங்கத்தவன். இரவல் வாங்கும் சீட்டு இன்றும் என் பெட்டியிலே இருக்கிறது. தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து ஆசனங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்றது. சபைக்குப் பணமுமில்லை, அதிகாரமுமில்லை. ஆசனங்கள் மாத்திரம் இருந்தன.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்த குடாநாட்டிலே வாக்களிக்க யாரால் முடியும்? 1998ஆம் ஆண்டு ஜனவரியிலே ஒரு தேர்தல் நடந்தது. அதிலே யாழ்ப்பாண மாநகர முதல்வராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து அப்பதவிக்கு வந்த பொன். சிவபாலனும் செப்டெம்பரிலே குண்டுவெடிப்பில் மாண்டார். பிறகு எங்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தது 2011ஆம் ஆண்டிலே. அதன் பின்னர் 2018 பெப்ரவரி 10ஆந் திகதி. இடைக்காலமெல்லாம் செயலாளர்மார் கோப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் செயலாளர் இடமாற்றத்தில் வருவார், இடமாற்றத்தில் போவார். எங்கள் வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஏணியோடு வந்தவரும் மண்வெட்டியோடு வந்தவரும் 1981ஆம் ஆண்டுக்குப் பின் வரவேயில்லை.

இனி, நம்மவர்களுடைய கைவண்ணத்தைச் சொல்லவேண்டும்.

வேலி இருந்த காலத்திலே வெள்ளம் வேலிக்குள்ளால் போயிற்று. கிடுகும் கதியாலும் தண்ணீரை மறிக்கமாட்டா. வெளிநாட்டுக் காசு வந்ததும் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினோம். கறையான் அரிக்காது, வருடந்தோறும் அடைக்கும் செலவில்லை, பார்வைக்கும் மதிப்பு. அதோடு ஒழுங்கைகளுக்குத் தாரும் கொங்கிறீற்றும் போட்டார்கள். பழைய வீதியைக் கிண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். இரண்டாந் தடவையும் மேலேயே போட்டார்கள். இப்பொழுது ஒழுங்கை உயரத்திலும் வீடுகள் பள்ளத்திலும் இருக்கின்றன. வடகரையார் மண்ணடித்து வளவை உயர்த்திவிட்டார்கள். தென்கரையாரிடம் மண்ணடிக்கக் காசில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பரிலே 'நிசா' புயல் வந்தபோது குடாநாடே மூழ்கியது. ஆகவே அப்போது யாரும் யாரையும் குறை கூறவில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்திலோ, என் முற்றத்திலே கணுக்காலளவு தண்ணீர்கூட நிற்கவில்லை. முந்நூறு யார் தெற்கே இடுப்பளவு நின்றது. அங்கிருந்தவர்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போனார்கள். மழை விட்டு ஐந்து நாட்கள் சென்ற பின்னரும் தண்ணீர் இறங்கவில்லை. மலகூடக் குழிகள் நிரம்பிக் கிணறுகளோடு கலந்தன.

அதற்கு ஆறு மாதத்திற்குப் பின்னர் தேர்தல்.

உண்மையில் அத்தேர்தல் இரண்டாண்டுகளுக்கு முன்னரே வந்திருக்கவேண்டியது. 2023 மார்ச் 9ஆந் திகதி என்று குறித்தார்கள். பணமில்லையென்று தள்ளினார்கள். தள்ளியது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்டிலே உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஈற்றில் நாடு முழுவதிலும் 339 சபைகளுக்கு 2025 மே 6ஆந் திகதி வாக்கெடுப்பு என்றாயிற்று. அவற்றுள் எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு உரியவை பதினேழு: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள்.

தேநீர்க் கடையின் வாங்கிலே அக்காலத்தில் நடந்த விவாதங்களை எழுதினால் ஒரு புத்தகமாகும். பலருக்குத் தேர்தல் முறையே விளங்கவில்லை. நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது பேர் பட்டியலிலிருந்தும் வருவர். புள்ளடி இடுவது ஆளின் பெயருக்கன்று. கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு. வட்டாரத்திலே வென்றவர் உள்ளே போவார். தோற்ற கட்சிகளின் வாக்குகளையும் சபை முழுவதற்கும் கூட்டிப் பங்கிடுவார்கள். ஆகவே தோற்றவரும் உள்ளே போகக்கூடும். 'அப்ப தோக்கிறது ஆர்?' என்று கடைக்காரர் கேட்டார். 'நாங்கள்தான்' என்றார் மூலையிலிருந்த ஒருவர்.

இந்த முறையிலே 2018ஆம் ஆண்டு பல சபைகளில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. உறுப்பினர் தொகையோ நாடு முழுவதிலும் எண்ணாயிரத்தைத் தாண்டிவிட்டது. முன்னர் ஏறக்குறைய நாலாயிரத்தைந்நூறு. உட்காரக் கதிரை போதாத சபைகளும் இருந்தன. இவையெல்லாம் குறைகள். ஆயினும் அந்தச் சட்டம் ஒரு நல்ல காரியத்தைச் செய்ததென்பது என் துணிபு. நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்று விதித்தது. அதற்கு முன் நூறு உறுப்பினரிலே இரண்டு பேர்கூடப் பெண்களாக இருந்ததில்லை. 'பட்டியலை நிரப்பப் பொம்பிளையள் தேடித் திரியினம்' என்று கடையிலே கேலி செய்தார்கள். ஆண்கள் எதனை நிரப்புவதற்காக இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

தோட்டக்காரர் ஒருவர் அங்கே நாள்தோறும் வருவார். அவருடைய கவலையெல்லாம் சந்தைக் கழிவு. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவென்று கழித்துத்தான் காசு கொடுப்பார்கள். பழுதான காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து. 'மாஸ்டர், இது ஆற்றை சட்டம்?' என்று என்னைக் கேட்டார். சட்டமில்லை, வழக்கம் என்றேன். சந்தை சபைக்குச் சொந்தம். அதனைக் குத்தகைக்கு விடுவதும் சபை. குத்தகைக்காரர், வியாபாரி, சபை ஆகிய மூவருக்கும் இடையிலே அந்தப் பத்துக் கிலோ ஒவ்வொரு நாளும் காணாமற் போய்க்கொண்டிருந்தது. ஏழு பிரசுரங்களில் ஒன்றிலேனும் இது இல்லையே என்று அவர் குறைப்பட்டார். இல்லை, ஒன்றிலே இருந்தது. நான்கு வரிப் பிரசுரத்தின் மூன்றாவது வரி அதுதான். அவருக்கு அது போய்ச் சேரவில்லை. நான் என் சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

சுடலைப் பிரச்சினையும் பேசப்பட்டது. குடிமனைகளுக்கு நடுவே பிணம் எரிப்பதை நிறுத்தவேண்டுமென்று 2017ஆம் ஆண்டிலே புத்தூர் மேற்கில் மக்கள் நாட்கணக்காகப் போராடினார்கள். எங்கள் ஊரிலும் தென்கரையார் வீடுகளுக்கு அண்மையிலேதான் சுடலை. வடகரையார் பிணங்கள் அங்கே போகும். புகையும் அங்கேயே நிற்கும். மதில் கட்டித் தருகிறோம் என்று இரண்டு கட்சியார் சொன்னார்கள். புகைக்கு மதில் எதற்கு?

நான்கு வரிப் பிரசுரத்துக்குரியவர் ஒருநாள் முற்பகலிலே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தென்கரையைச் சேர்ந்தவர், முன்பள்ளி ஆசிரியை. அவருடைய தகப்பனார் என்னிடம் ஐந்தாம் வகுப்பிலே படித்தவர். சுயேச்சைக் குழு ஒன்றிலே போட்டியிட்டார். கூட வந்த இரு பெண்களும் வாயிலிலேயே நின்றுவிட்டார்கள்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றேன். விறாந்தையிலே கதிரையில் இருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்தார். குடித்தார். பெரியப்பா நின்ற முற்றம் என் நினைவுக்கு வந்தது.

"மாஸ்டர், நான் வாக்குக் கேட்டு வரேல்லை. வாக்கை நீங்கள் வழமையாப் போடுற ஆக்களுக்கே போடுங்கோ. உங்கட தெற்கு மதில் விஷயமாக் கதைக்க வந்தனான்" என்றார்.

"மதிலுக்கு என்ன?"

"அது வாய்க்காலுக்கு மேலை நிக்குது."

நான் பேசாமலிருந்தேன். அவர் ஒரு தாளை விரித்தார். பழைய நிலஅளவைப் படத்தின் பிரதி. எந்த அலுவலகத்திலே எத்தனை நாள் நின்று வாங்கினாரோ தெரியாது. ஒழுங்கையின் மேற்கு முனையிலிருந்து குளம் வரைக்கும் இரு கோடுகள் இணையாக ஓடின. அவற்றின் இடையிலே சிறிய எழுத்தில் 'வெள்ளவாய்க்கால்' என்றிருந்தது.

"பதினொரு வளவுக்குள்ளாலை போகுது, மாஸ்டர். பதினொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கினம். நான் பதினொரு வீட்டுக்கும் போறன். உங்களிட்டைத்தான் முதல் வந்தனான்."

"ஏன் என்னிட்டை முதல்?"

"நீங்கள் விட்டால் மற்ற ஆக்கள் யோசிப்பினம். நீங்கள் விடாட்டி ஒருத்தரும் விடமாட்டினம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மிக நல்லது என்று எழுந்து போனார். தேநீர்க் கோப்பையைக் கையோடு எடுத்துச் சென்று கிணற்றடியிலே கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். அது என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. மரியாதைக்காகக் கழுவினாரா, எங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாமென்று எண்ணிக் கழுவினாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மனைவி, 'ஏன் பிள்ளை, வையுங்கோ' என்று சொல்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அன்றிரவு இரும்புப் பெட்டியைத் திறந்து காணி உறுதியை எடுத்தேன். பாட்டனார் பெயரிலிருந்து தகப்பனார் பெயருக்கு வந்த உறுதி. நொத்தாரிசின் நீண்ட வாக்கியங்களைத் தாண்டி எல்லைகளுக்கு வந்தேன். கிழக்கு ஒழுங்கை. வடக்கும் மேற்கும் அயலவர் காணிகள். தெற்கு வெள்ளவாய்க்கால். எழுத்து மங்கவில்லை. இந்த உறுதியை நான் இதற்கு முன்னரும் பல தடவை வாசித்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நடந்தது இதுதான். 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாவதைக் கட்டுப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு அது பொற்காலம். அடிக்கணக்கிலே மண்ணுக்கு மதிப்பு வந்தது. என் தகப்பனார் நல்லவர். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தவர். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தெற்கே நகர்த்தினார். எதிர்க்கரைக்காரர் வடக்கே நகர்த்தினார். இருவரும் ஒருவரையொருவர் கண்டும் காணாமலும் இருந்தார்கள். நடுவிலே இருந்தது சங்கத்தின் வாய்க்கால், அதற்கு வாயில்லை. நான் அப்போது இளம் உபாத்தியாயர். கதியாலுக்குக் குழி தோண்டியது நான்தான்.

வேலி நகர்ந்தாலும் தண்ணீர் போயிற்று. அதனை மறித்தது மதில். 2004ஆம் ஆண்டிலே மகன் அனுப்பிய காசில் நான் அதைக் கட்டினேன். முறைப்படி விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அனுமதி பெற்றே கட்டினேன். விண்ணப்பத்தோடு கொடுத்த படத்திலே வாய்க்காலைக் காட்டவில்லை. பார்க்க வந்தவரும் கேட்கவில்லை. வெள்ளம் வந்த நவம்பர் இரவிலே, பாடசாலையில் தங்கியிருந்தவர்களுக்குப் பாணும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்பொழுது பலர் எனக்கு நன்றி சொன்னார்கள்.

மகனோடு தொலைபேசியிற் பேசினேன். 'அப்பா, காணியிலை மூண்டு அடி விட்டால் நாளைக்குப் பாதை கேப்பினம்' என்றான். மனைவி, 'அந்தப் பக்கத்து மா மரம் போகுமோ?' என்று மாத்திரம் கேட்டார். மரம் மதிலுக்கு உள்ளே நான்கு அடியிலே நின்றது, தப்பும் என்றேன். தேநீர்க் கடையிலே இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அப்பெண் ஏனைய பத்து வீடுகளுக்கும் போன செய்தி மட்டும் அங்கே வந்து சேர்ந்தது. ஒரு வீட்டிலே நாயை அவிழ்த்துவிட்டார்களாம். ஒரு வீட்டிலே, 'முதல் வாத்தியாரை இடிக்கச் சொல்லு' என்றார்களாம். அவர் சொன்னது சரியாகப் போயிற்று.

பிரசாரக் கூட்டங்கள் இரண்டுக்குப் போனேன். முதற் கூட்டத்திலே பேசியவர் நல்ல சொல்வன்மை உடையவர். 1956ஆம் ஆண்டில் தொடங்கி ஒன்றேகால் மணித்தியாலத்திலே 2009ஆம் ஆண்டுக்கு வந்தார். அவர் சொன்னவற்றில் ஒன்றையும் என்னால் மறுக்க முடியாது. அவற்றிற் பலவற்றை நான் கண்ணாலே கண்டவன். ஆனால் கூட்டம் நடந்த ஒழுங்கையிலே விளக்கில்லாதபடியால், திரும்பும் வழியிலே ஒரு கிழவர் மதகிலே தடக்கி விழுந்தார். இரண்டாவது கூட்டம் முன்பள்ளி முற்றத்திலே. இருபது பேர், பெரும்பாலும் பெண்கள். எந்த வீதி யாருக்குரியதென்று அந்தப் பெண் விளக்கினார். பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அடுத்த தரம் மாகாணத்துக்கு. எஞ்சிய ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. 'நாங்கள் போய்க் கேட்டால் இது எங்கட வீதியில்லை எண்டு சொல்லுவினம். அதாலை முதல் எங்கட வீதி எது எண்டு தெரிஞ்சுகொள்ளவேணும்' என்றார். நாற்பது வருடம் ஆசிரியத் தொழில் பார்த்த எனக்கு அந்தப் பகுப்பு அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

மே 6ஆந் திகதி காலை ஏழு மணிக்கே பாடசாலைக்குப் போய்விட்டேன். சீட்டை வாங்கி, மறைப்புக்குள்ளே நின்று நீண்ட நேரம் பார்த்தேன். 1970ஆம் ஆண்டுகளிலிருந்து நான் ஒரே பக்கத்துக்கே வாக்களித்து வந்தவன். எனது புள்ளடி எங்கே விழுந்ததென்பதை எழுதமாட்டேன். இரகசிய வாக்கெடுப்பு என்பது அதற்குத்தானே. வெளியே வந்தபோது வாசலில் நின்ற தோட்டக்காரர், 'மாஸ்டர், கழிவு பத்துக்கோ அஞ்சுக்கோ?' என்று பகிடி விட்டார்.

வட்டாரத்திலே அந்தப் பெண் வெல்லவில்லை. இரண்டாவதாக வந்தார். சபையிலே யாருக்கும் பெரும்பான்மையில்லை. ஜூன் மாதத்திலே தவிசாளர் தெரிவு நடந்தபோது, மேடைகளிலே ஒருவரையொருவர் துரோகியென்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். சுயேச்சைக் குழுவுக்குப் பங்கீட்டிலே ஓர் ஆசனம் கிடைத்தது. குழுவினர் அதனை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். கடையிலே கேட்ட 'தோக்கிறது ஆர்' என்ற கேள்விக்கு அன்றைக்கு வேறு விடை இருந்தது.

ஆவணி மாதத்திலே மேசன் ஒருவரைக் கூப்பிட்டு மதிலை இடித்தேன். ஒரு நாள் வேலை. சீமெந்துக் கற்களிற் பாதி உடையாமல் வந்தன. அவற்றை மாமரத்தடியிலே அடுக்கினோம். மூன்றடி உள்ளே தள்ளிப் புது அத்திவாரம் வெட்டியபோது, பழைய வாய்க்காலின் கல்லணை ஒரு முழ ஆழத்திலே தென்பட்டது. சுண்ணாம்பு பூசிய அணை. மேசன் கம்பியாலே தட்டிப் பார்த்துவிட்டு, 'இது இன்னும் நூறு வருஷம் நிக்கும்' என்றார். வேலையை எட்டிப் பார்க்கப் பலர் வந்தார்கள். நாய் அவிழ்த்துவிட்ட வீட்டுக்காரரும் வந்து, ஒன்றும் பேசாமல், அடியளவை மாத்திரம் காலாலே மிதித்து அளந்துகொண்டு போனார்.

எதிர்க்கரை வளவுக்காரர் ரொறன்ரோவிலே இருக்கிறார். அவருடைய மதிலும் மூன்றடி வாய்க்காலுக்குள்ளேதான். தொலைபேசியிலே அழைத்தேன். நலம் விசாரித்தார், முழங்கால் நோவைப் பற்றிச் சொன்னார், அங்கே இலை நிறம் மாறத் தொடங்கிவிட்டது என்றார். மதில் விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் சத்தமில்லை. 'அண்ணை, கொப்பரும் ஐயாவும் சேர்ந்து செய்த வேலை' என்று சிரித்தார். பிறகு, தம்பிமாரோடு கதைத்துச் சொல்கிறேன் என்றார்.

புரட்டாதி இரண்டாம் வாரத்திலே அந்தப் பெண் சபை வேலையாட்கள் இருவரோடு வந்தார். கையிலே அளவு நாடா. என் பக்கத்து மூன்றடியிலே மண்வெட்டி போட்டு, குளத்து வாயிலை நோக்கி மண்ணைக் கிண்டத் தொடங்கினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலே நின்றேன். பதினொரு வளவில் நான்கிலே வேலை நடக்கிறது என்றார். நடுவிலே மூன்று இன்னும் அடைபட்டுக் கிடக்கின்றனவே, தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டேன். 'இந்த மாரிக்கு அந்த மூண்டு இடத்திலையும் குழாய் தாக்கிறம், மாஸ்டர். தவிசாளர் ஓமெண்டவர், கையெழுத்துத்தான் வைக்கேல்லை' என்றார். பிறகு நாடாவின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.